கறுப்புச் சாமுராயின் முகம்

அம்பத்தூர்
24.11.2024

அன்புள்ள சரணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே பனி தொடங்கிவிட்டது என்றாயே, நீயும் நெஞ்சில் சளி சேராமல் நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன மழையில் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்று வடிந்தது, வீட்டுக்குள் வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய் என்பதால் தட்டச்சு செய்து அனுப்புகிறேன், முழுவதும் படி. உன் தங்கையின் கல்யாணப் பத்திரிகை சரிபார்க்க வந்திருக்கிறது. ‘சரண், பி.இ., எம்.எஸ்., (கனடா)’ என்று இருந்த வரியைக் கவிப்பிரியா பேனாவால் அடித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரத்தைச் சித்தி மகன் கிஷோர் போடட்டும், அண்ணன் வர வேண்டாம் என்கிறாள். நீ டிக்கெட் எடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கவி வேலை செய்யும் ஸ்டுடியோவில் வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு உருவங்கள் செய்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். எந்த கேம் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்ததால் அவள் சொன்னதில்லை. ஒரு வருடமாக அவள் செய்தது, நானூறு வருடங்களுக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போய் அங்கே ஒரு பிரபுவிடம் இருந்த கறுப்பு மனிதனின் முகம். வாளேந்திய ஜப்பானியப் போர்வீரனாக, சாமுராயாக வரும் அவன்தான் அந்த விளையாட்டின் நாயகன். சென்ற மாதம் அவன் படம் இணையத்தில் வெளியானதும், ஜப்பான் கதைக்குக் கறுப்பன் எதற்கு என்று ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள், நீயும் எழுதினாய். பள்ளி நாளிலிருந்து நீ வைத்திருக்கும் அதே புனைபெயர், அவளுக்குத் தெரியாதா. எஜமானுக்குச் சாமான் தூக்கியவனெல்லாம் சாமுராயா, இந்த மூஞ்சிக்கு ஹீரோ வேஷம் ஒரு கேடா என்று கேட்டிருக்கிறாய். முன்னூறு பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த முகத்தை அவள் முனியன் தாத்தா வேலை பார்த்த இரும்பு வார்க்கும் பவுண்டரியின் அடையாள அட்டைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தாள். நெற்றியும் மூக்கும் தாடையும் என் அப்பாவுடையவை. உனக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் சரித்திரம் படித்தவள். அந்த மனிதனைப் பற்றிக் கிடைப்பது சில வரிகள்தான், பிரபு அவனுக்கு வாளும் வீடும் கொடுத்தான், பிரபு வீழ்ந்த பிறகு அவன் என்ன ஆனான் என்பது சரியாகத் தெரியவில்லை. அவனைச் சாமுராய் என்று சொல்லலாமா என்று நீ கேட்டிருந்தால் உன்னோடு உட்கார்ந்து விவாதித்திருப்பேன். கம்பெனிக்காரர்கள் நீதிக்காக இதைச் செய்கிறார்கள் என்றும் நான் நம்பவில்லை, விற்கும் என்று செய்கிறார்கள். ஆனால் கூரைக்குக் கூரை பறக்கிற மற்ற நாயகர்களிடம் நீங்கள் யாரும் ஆதாரம் கேட்டதில்லை. தாத்தா செம்பரம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர், பாடியில் பவுண்டரிக்கு மண் சுமக்கப் போய்ப் பதினெட்டு வருடத்தில் மேஸ்திரி ஆனார். புதிதாக வரும் இன்ஜினியர்கள் அவரிடமே வந்து மேஸ்திரி எங்கே என்று கேட்பார்களாம். “நான்தாம்பா மேஸ்திரின்னா, ஏற எறங்கப் பாத்துகினு, இன்னொருத்தர் இருப்பாரேன்றானுங்கோ. அவனுங்க தேடுற மூஞ்சி என்னாண்ட இல்லம்மா” என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. ஆப்பிரிக்கர்கள் பட்டதும் நாம் பட்டதும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இன்ஜினியர்களின் பார்வை என் வீட்டுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று பல நாளாக யோசிக்கிறேன், விளங்கவில்லை.

அந்தக் கூச்சலுக்குப் பிறகு மூக்கைச் சின்னதாக்கு, நிறத்தைக் குறை என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வேறு யாரிடமும் கொடுக்காமல் அவளையே செய்ய வைத்தார்கள். இரண்டு வாரம் தினமும் போய்த் தன் தாத்தாவின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிட்டு வந்தாள். சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். உன் அப்பாவோ, “புள்ள வெளாட்டுக்கு எழுதிகீறான், இதுக்குப் போயி பேர அடிப்பாங்களா” என்கிறார். இருபத்தேழு வயதுக்கு அது என்ன விளையாட்டு. தாத்தா என்று தெரிந்தால் நீ வருந்துவாய் என்று நானும் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். “தாத்தான்னா அழுவான்மா. யாரோன்னு நெனச்சுதானே அப்டி எழுதினான்” என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே, அவளுக்கும் வேண்டாம். எழுதிய இடத்திலேயே, உன் சொந்தப் பெயரில், எழுதியது தவறு என்று எழுது. ‘அது என் தாத்தாவின் முகம்’ என்று எழுதாதே, அது ஒரு சமாதானம்தான். அவர் உனக்கு யாருமே இல்லை என்று வைத்துக்கொண்டு எழுது. அதற்குப் பிறகும் அவள் மனம் மாறாவிட்டால் நான் உனக்காகப் பரிந்து பேசப் போவதில்லை.

எங்கே இருந்தாலும் நேர்மையும் ஆரோக்கியமுமாக நீ வாழ வேண்டும், அது ஒன்றுதான் நான் வேண்டிக்கொள்வது. வியாழக்கிழமை காலையில் அச்சகத்தில் பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நினைவில் வை.

உன் அம்மா,
அ. மதிவதனி