கால் சைன் சொல்லாத குரல்

திக்லிபூர்
4.8.2025

அன்புள்ள உங்களுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே? அன்று வீட்டில் நீங்கள் என்மேல் கத்தி, நான் வேலையில் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே தனியாக வந்து இரண்டு வருஷம். போனில்கூடப் பேசாதவர், நேற்று ஹாம் ரேடியோ போட்டியில் என்னை மூன்று முறை கூப்பிட்டீர்கள்! "கால் சைன் ப்ளீஸ்" என்றேன். "நான்தான், தெரியலையா?" என்கிறீர்கள். தெரியாமலா? ஆனால் தன் அடையாள எழுத்துகளை முழுதாகச் சொல்லாதவரை லாக் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று உங்களுக்கும் தெரியும். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோபமா என்றால் இல்லை. சந்தோஷம் போலத்தான் இருக்கிறது.

உமா மகேஸ்வரி

லம்பா லைன்
13.8.2025

அன்புள்ள உமாவுக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தும் தலைகால் புரியவில்லை. அன்று நான் கூப்பிடவே இல்லை. மே மாத மழையில் விழுந்த ஆன்டெனாவை இன்னும் தூக்கி நிறுத்தவில்லை. விசாரித்தால், கூப்பிட்டது என் ஹாம் நண்பன், ஷாதிபூர் வெள்ளைச்சாமியாம். "என்ன பாய், பாபிக்கு என்மேல நாராஸா, கோவமா? மூணு தடவ கூப்ட்டும் கண்டுக்கவே இல்ல" என்று அண்ணன் பெண்டாட்டியைப் பற்றி அண்ணனிடம் சொல்வதுபோல என்னிடமே குறைபட்டான்.

சந்தோஷம் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்கா அவனுக்கா என்று தெரியாமல் விழிக்கிறேன். அடுத்த மாதப் போட்டிக்குள் ஆன்டெனாவை ஏற்றிவிடுகிறேன். முறைப்படி கூப்பிடுகிறேன்.

சிவபிரகாஷ்

திக்லிபூர்
22.8.2025

அன்புள்ள உங்களுக்கு,

மானம் போயிற்று. வெள்ளைச்சாமியிடம் எதையும் சொல்லித் தொலைக்காதீர்கள். கூப்பிடுங்கள். தெரிந்தவர் என்ற சலுகை கிடையாது.

உமா மகேஸ்வரி

திக்லிபூர்
15.9.2025

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கால் சைன் எழுத்தெழுத்தாக வந்தது. உங்களுடையதுதான். குரல்தான் உங்களுடையதாக இல்லை. கரகரப்பாக, தயங்கித் தயங்கி வந்தது. யாரோ உங்கள் எழுத்துகளைச் சொல்லி விளையாடுகிறார்கள் என்று நினைத்து மறுபடி கேட்டேன். சொன்னீர்கள். மூன்றாம் முறையும் கேட்டேன். அப்போதும் பொறுமையாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்தவர் இரண்டாம் முறையே கத்தியிருப்பார்.

லாக்கில் எழுதிக்கொண்டேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

வெள்ளைச்சாமியை நீங்கள் என்று நினைத்தேன். உங்களை யாரோ என்று நினைத்தேன். இத்தனை நாள் மனதுக்குள் நான் யாருடைய குரலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்றே தெரியவில்லை. அழுகையாக வருகிறது.

இது கிடைத்த பிறகு வரும் சனிக்கிழமை பஸ்ஸில் கிளம்பி வாருங்கள். கதவைத் தட்டிப் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். "நான்தான்" என்றால் திறக்க மாட்டேன்.

உங்கள்
உமா