டீச்சர் கடித்த தழும்பு

அன்புள்ள மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். மற்றது உனக்குத் தெரிந்ததுதான்.

ஆஸ்பத்திரி நடையில், வேலை செய்யாத தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, குரங்கு கடிச்சத நான் சொல்லாம இருந்திருந்தா தம்பி பொழச்சிருப்பானா?" என்று. அவனை உள்ளே துணியால் மூடிவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன் நான்.

வகுப்பில் விடை தெரியாத கேள்வி வரும்போதெல்லாம் நான் சொல்லிப் பழகியது அது. வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு மறுநாள் தவறாமல் சொல்லிவிடுவேன். அன்றும் வாய் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டது. நீ ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாய். அம்மா தன்மேல் பழி போடுகிறாள், வாய்விட்டுச் சொல்ல மனசு வரவில்லை என்று நினைத்துவிட்டாயோ? ஊருக்குத் திரும்பியதிலிருந்து நீ பேசாமலிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. இல்லை கண்ணு. எனக்கு விடை தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்காகத்தான் இத்தனை நாளும் படித்துக்கொண்டிருந்தேன்.

மேஜை நிறையக் காகிதத்தைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா, "ரிட்டயர் ஆனப்புறமும் பரீட்சையா? எழுதுறதும் நீ, திருத்துறதும் நீயா?" என்றார். பிறகு குரங்குப் படம் போட்ட பக்கம் கண்ணில் பட்டதும் எழுந்து போய்விட்டார். கதவுக்குப் பின்னால் சின்னவனுடைய கருவிப் பை அப்படியே இருக்கிறது. லிஃப்ட் பழுதுபார்க்கிறவனின் பை என்ன கனம் கனக்கும் என்று உனக்குத் தெரியும். அதை நகர்த்த எங்கள் இரண்டு பேருக்குமே தெம்பில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்தக் கடியால் உன் உடம்பில் வந்து தங்கியிருப்பதன் பெயர் நுரை வைரஸ். கண்ணாடித் தட்டில் செல்களை வளர்த்து இதை விட்டால், அவை குமிழ் குமிழாகி, சோப்புத் தண்ணீர் போலப் பொங்கிச் சாகின்றன. அதைப் பார்த்து வைத்த பெயர். ஆனால் குரங்கின் உடம்புக்குள் அதே வைரஸ் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆசிரியர் வெளியே போனதும் கூரையைப் பிய்க்கிற வகுப்பு, அவர் உள்ளே வந்ததும் அடங்குமே, அப்படி. தட்டில் கண்டிக்க ஆளில்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இது ரெட்ரோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜலதோஷ வைரஸ் வந்து, நான்கு நாள் ஆட்டம் போட்டுவிட்டுப் போய்விடும் விருந்தாளி. ரெட்ரோவைரஸ் அப்படியல்ல. வந்த வீட்டுப் பத்திரத்திலேயே தன் பெயரை எழுதிக்கொண்டுவிடும் விருந்தாளி. அதாவது, நம் செல்லின் டி.என்.ஏ. என்கிற மரபுச் சரத்துக்குள் தன் சரத்தைச் செருகிவிடும். பிறகு வெளியேற்ற முடியாது. எய்ட்ஸ் வைரஸும் இதே குடும்பம்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் இதைச் சொல்லிக் கேட்டுத்தான் சின்னவன் பெண்டாட்டி அன்று பயந்துபோனாள். ஆனால் இந்தக் குடும்பத்தில் இரண்டு கிளைகள். எய்ட்ஸ் வைரஸும் மற்றவையும் ஒரு கிளை. நுரை வைரஸ்கள் தனிக் கிளை. எப்போதோ பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளிகள்.

இன்னொன்றும் படித்தேன். ஒவ்வொரு குரங்கினத்துக்கும் அதற்கென்று ஒரு நுரை வைரஸ் இருக்கிறதாம். குரங்குகளின் வம்ச மரத்தை ஒரு தாளிலும் வைரஸ்களின் மரத்தை இன்னொரு தாளிலும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், பெரும்பாலும் கிளைக்குக் கிளை பொருந்துகிறது. கோடிக்கணக்கான வருடங்கள் கூடவே நடந்து வந்திருக்கிறது. அவை பிரிந்தபோது இதுவும் பிரிந்தது. இதைப் படித்த அன்றே இரண்டு மரங்களையும் நானே வரைந்து பார்த்தேன்.

நீ வேலை பார்க்கும் குரங்குக் காப்பகத்தில் அந்தக் கிழட்டுப் பெண் குரங்குக்கு "டீச்சர்" என்று பெயர் வைத்தாயே, என்னைப் போலவே முறைக்கிறது என்று. மருந்து கொடுக்கப் போனபோது அது உன் முழங்கையைக் கடித்தது. கடிபட்ட எல்லோருக்கும் சோதனை செய்து, உன் ரத்தத்தில் இந்த வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்து, "நோய் எதுவும் வராது, ஆனா யாருக்கும் ரத்தம் குடுக்காதீங்க" என்று உனக்குச் சொல்லி அனுப்பினார்கள். சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரு டீச்சர்கிட்ட அடி வாங்கினது போதாதா அக்கா, இன்னொரு டீச்சர்கிட்ட கடியும் வாங்கிட்டியா?" என்று. நாமும் சிரித்தோம். அவனுக்கு ஒருநாள் ரத்தத்தில் நோய் வந்து எலும்பு மஜ்ஜை தேவைப்படும் என்றோ, வீட்டில் உன்னுடையது மட்டும்தான் பொருந்தும் என்றோ நமக்கு என்ன தெரியும்?

உன் மஜ்ஜையை எடுப்பதற்கு முன்னால் டாக்டர் உன் வேலையைப் பற்றிக் கேட்டார். நீ சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினாய். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

இதுவரை பார்த்த அளவில் இந்த வைரஸால் மனிதர்கள் யாருக்கும் நோய் வந்ததாகத் தெரியவில்லை. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்குப் போனதாகவும் தெரியவில்லை. ஆனால் மஜ்ஜை மாற்றுவதற்கு முன்னால் நோயாளியின் எதிர்ப்புச் சக்தியை அடியோடு துடைத்துவிடுகிறார்கள். நான் சொன்ன அந்த நாற்காலி காலி. அப்போது இது குரங்கில் இருந்தது போலச் சும்மா இருக்குமா, தட்டில் பொங்கியது போலப் பொங்குமா? எங்கு தேடியும் எனக்கு விடை கிடைக்கவில்லை. டாக்டர் துணியவில்லை. வேறு ஆள் தேடினார்கள். ஆள் கிடைப்பதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். "நிச்சயம் பொழச்சிருக்க மாட்டான்" என்று எழுதிவிடத்தான் ஆசை. நாலு தடவை எழுதி அடித்தேன். நீ டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. உன்னிடம் நான் எப்படிச் சொல்வேன்?

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வேண்டாம் என்று டாக்டர் முடிவு சொன்ன அன்று நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். சின்னவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அக்காவோடதையே குடுங்க சார். குரங்கு புத்தி எனக்கு ஏற்கெனவே இருக்கு, புதுசா என்ன ஆகிடப் போகுது?" என்றான். அவர் சிரிக்கவில்லை. முடியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவன் என்னிடம், "அக்காகிட்ட சொல்லாதம்மா, மருகிடுவா" என்றான். சொல்லாமல்தான் இருந்தேன். இப்போது நீ மருகுவது வேறு விதமாக இருக்கிறது; அதனால் சொல்கிறேன். உன்னிடமிருந்து வருவது எதற்கும் அவன் பயப்படவில்லை.

அவன் பெண்டாட்டி உன்னைப் பார்த்து, "வாயத் தொறக்காம இருந்திருக்கலாமே அண்ணி" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். போன வாரம் வந்திருந்தாள். அவளையும் உட்கார வைத்து இரண்டு மரங்களையும் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புரியுது அத்தை. கோபம்தான் போக மாட்டேங்குது" என்றாள். அந்தத் தாளை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

காரியத்துக்கு வந்திருந்தபோது நீ உன் தம்ளரைத் தனியாகக் கழுவி ஜன்னலோரம் தனியாக வைத்துக்கொண்டதை நான் பார்க்காமல் இல்லை. போன மாதம் அவனுடைய போட்டோக்களை அனுப்பியிருந்தாயே, அந்த உறையையும் பார்த்தேன். மூடியைச் சுற்றி நாலு பக்கமும் டேப். சின்ன வயதிலிருந்து உறையை நக்கி ஒட்டி, பசை கசக்கிறது என்று முகம் சுளிப்பவள் நீ. கத்தரிக்கோலால் அந்த டேப்பை வெட்டும்போதுதான் புரிந்தது, உன் எச்சில்கூட எங்கள்மேல் படக் கூடாது என்று நீ பயப்படுவது.

நீ உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நீண்ட நாள் வாழ வேண்டும். டீச்சரிடம் போ, அதற்கும் வயதாகிவிட்டது, அதன்மேல் கோபம் வேண்டாம். எனக்குப் பதில் எழுது. இரண்டு வரி போதும். எழுதி மடித்து உறைக்குள் போட்டதும், டேப்பைத் தேடாதே. மூடியை உன் நாக்கால் நனைத்து ஒட்டி அனுப்பு.

உன்
அம்மா