நான்கு வெள்ளி மோதிரங்கள்

கணினியில் இடம் நிறைந்துவிட்டது. பழைய வேலைகளை அழித்தால்தான் புதியதைச் சேமிக்க முடியும் என்று இரண்டு நாட்களாகத் திரை சொல்லிக்கொண்டே இருந்தது. இன்று காலை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்துக்கொண்டு வந்தேன். யார் யாருடைய கல்யாண மோதிரங்களோ. கல் பதித்தவை, பெயர் வெட்டியவை, கடைசி நேரத்தில் வேண்டாமென்று சொல்லிவிட்டவை. அழிக்க அழிக்கக் கை பழகிவிட்டது. அப்போது உன் பெயரில் ஒரு கோப்புறை வந்தது.

உள்ளே நான்கு கோப்புகள். நான்கும் ஒரே மோதிரம்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்விட்டத்தை மில்லிமீற்றரில் எழுதி வைத்திருக்கிறேன், அது என் வழக்கம். பதினாறரை. பதினாறு தசம் ஒன்பது. பதினேழு தசம் ஏழு. பதினெட்டு தசம் ஒன்பது. ஓகஸ்ட்டிலிருந்து நவம்பர் வரை. உன் உடம்பு கெட்டுக்கொண்டு போனதை நான்கு எண்களாக எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் மோதிரத்தில்தான் பிழை என்று திருத்திக்கொண்டிருந்தவள் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவதென்று தெரியாமலே எழுதுகிறேன்.

அந்த ஜூலை ஞாயிறு உனக்கு ஞாபகமிருக்கும். பூசை முடிந்து நோர்வூட்டிலிருந்து பஸ் ஏறி, நனைந்த குடையோடு ஹட்டனில் என் வீட்டு வாசலில் நின்றாய்.

"மோதிரம் போச்சுடி."

"எங்க போச்சு?"

"ஸ்டோருக்கு."

மழையில் நின்று கொழுந்து எடுக்கும்போது விரல் சுருங்கிப்போயிருக்கிறது. மோதிரம் எப்போது கழன்று கொழுந்தோடு பைக்குள் விழுந்ததோ, எடை நிறுத்து முடித்துக் கையைத் துடைக்கும்போதுதான் விரல் வெறுமையாக இருப்பதைக் கண்டிருக்கிறாய். அதற்குள் லொறி ஸ்டோருக்கு, தேயிலைத் தொழிற்சாலைக்கு, போய்விட்டது. பின்னாலேயே ஓடியிருக்கிறாய். உள்ளே விட்டார்களாம். கொழுந்து வாட்டும் நீளத் தட்டுகளைப் பார்த்ததும் கையை வைக்கக்கூட மனம் வரவில்லை என்றாய்.

"விடு. சீமையில எவளாவது ஒருத்தி தேத்தண்ணி ஊத்துறப்ப கோப்பைக்குள்ள டொங்குன்னு விழும். ஆண்டவர் குடுத்ததுன்னு போட்டுக்குவா" என்று நீயே சிரித்தாய். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாய். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கோயிலில் உன் வீட்டுக்காரர் போட்ட மோதிரம் அது. அவர் கொழும்பில் ஒரு சமையலறையில் வேலை செய்து வருஷத்துக்கு இரண்டு முறை வந்து போகிறவர். இடையில் இருக்கும் மாதங்களுக்கு அந்த மோதிரம்தான் உனக்குப் புருஷன் என்று நான் கேலி செய்திருக்கிறேன். "கிறிஸ்மஸுக்கு அவரு வர்றப்ப வெறுங்கையோட நிக்க மாட்டேன். அதே மாதிரி ஒண்ணு நீ செஞ்சு குடு" என்றாய்.

நான் செய்யும் வேலை என்னவென்று அதுவரை உனக்குச் சரியாகத் தெரியாது. நாம் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். பிறகு நீ தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தாய், நான் பல்கலைக்கழகம் போனேன். சித்திரம் படித்தேன், சில வருஷம் படிப்பித்தேன், அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே கொழும்புக் கடை ஒன்றுக்கு மோதிரம் வடிவமைக்கிறேன் என்று சொன்னால், "வீட்ல அடுப்பு ஊதுற சத்தமே கேக்கலயே, எங்கடி தங்கத்த உருக்குற?" என்பாய். அன்று உன்னை இழுத்துப்போய்த் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். திரையில் ஒரு சாம்பல் நிற உருண்டை. கணினிப் பேனாவால் தொட்டால் பள்ளமாகும், இழுத்தால் எழும்பும், தடவினால் வழவழப்பாகும். இடப்பக்கம் அமுக்கினால் வலப்பக்கமும் தானாக அமுங்கும்.

"ரொட்டிக்கு மா பெசையிற மாதிரியே இருக்கு. கையில மட்டும் ஒட்டல" என்றாய். பிறகு பேனாவைப் பிடுங்கி உருண்டையின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி வைத்துவிட்டு, "அமுக்குனா அப்படியே நிக்குதே!" என்று சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷப்பட்டாய். அன்றிலிருந்து எனக்குப் பெயர் கம்பியூட்டர் ஆசாரி.

நீ சொன்ன நிபந்தனை இரண்டுதான். "பூ கீ வச்சிராத, செடியில மாட்டும். குளிருல கழலக்கூடாது." அந்த இரண்டாவதில்தான் என் புத்தி முழுதும் ஓடியது. விரல் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். கொழும்புக் கடைக்கு இது பெரிய பிரச்சினையில்லை. நம் மலையில் ஒரே நாளில் ஒரே விரலுக்கு இரண்டு அளவு இருக்கிறது. ஆகவே உன் விரலை அதன் ஆகச் சிறிய நேரத்தில் அளக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அளவு மோதிரக் கொத்தை எடுத்துக்கொண்டு விடியற்காலைத் தூறலில் நீ நிற்கும் மலைக்கே ஏறி வந்தேன். சகதியில் என் செருப்பு அறுந்தது. நீ கொழுந்துப் பையோடு கையை நீட்டினாய், நான் ஒவ்வொரு வளையமாகப் போட்டுப் பார்த்தேன். மேலே நின்ற கங்காணி கத்தினார்:

"என்னா மிஸ், மலையில வச்சே நிச்சயதார்த்தமா? மாப்பிள்ளையக் காணோம்?"

"மாப்பிள்ள இவதாங்க கங்காணி. தாலிக்குப் பதிலா மோதிரம்" என்றாய். வரிசை முழுதும் சிரித்தது.

பதினாறரை. மோதிரத்தின் உள்பக்கம் இரண்டு சிறிய மேடுகள் வைத்தேன். மூட்டைத் தாண்டிப் போனதும் அவை விரலைப் பிடித்துக்கொள்ளும், மழையில் கழலாது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதலில் வெள்ளியில் வார்த்துப் பார்ப்போம், நாலு வாரம் போட்டு வேலை செய், சரியாக இருந்தால் தங்கத்தில் ஊற்றலாம் என்றேன். உன் அம்மாவின் உடைந்த தங்கத் தோட்டை அதற்காக ஒரு தாளில் மடித்து என்னிடம் கொடுத்தாய்.

முதல் மோதிரம் ஓகஸ்ட்டில் வந்தது. அழகாகப் பொருந்தியது. மூன்று வாரத்தில் போன் எடுத்தாய். "உள்ள குத்துதுடி. சாயந்தரம் ஆனா கழட்ட முடியல, சவுக்காரம் போட்டுத்தான் எடுத்தேன்." மேடுகள்தான் காரணம் என்றேன். அவற்றை மழித்துவிட்டு விட்டத்தையும் கொஞ்சம் கூட்டினேன். பதினாறு தசம் ஒன்பது. செப்டெம்பர் கடைசியில் அதுவும் இறுகியது. அப்போது நீ என் வீட்டுக்கு வந்திருந்தாய். அடுப்படியில் சுடச்சுடத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அளந்தேன், பதினேழரையைத் தாண்டியது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது அடுப்புச் சூடு. மலையில குளிருல அளந்தது என் பிழை. ரெண்டுக்கும் நடுவுல எடுத்திருக்கணும்" என்றேன். ஒரு பிரசங்கமே செய்தேன். நீ வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாய், படித்தவள் சொல்கிறாள் என்று.

உன் முகம் அன்று உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்துத்தான் "நல்லா குண்டாயிட்ட போ" என்றேன். "வெறுங்கையா இருக்கிற கவலையில தின்னு தீக்கிறேன்" என்றாய். உன் செருப்பின் வார் ஒன்றைக் கழற்றி விட்டிருந்தாய். அதையும் பார்த்தேன். நாள் முழுக்க நிற்கிறவள் கால் அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது, பதினேழு தசம் ஏழு. ஒக்டோபரில் அதுவும் இறுகியபோது எனக்குக் கோபம் வந்தது. கொழும்பில் வார்த்துக் கொடுக்கும் பட்டறைக்காரருக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். மெழுகு சுருங்கியிருக்கும், உலோகம் சுருங்கியிருக்கும், அவர் கவனமாகச் செய்யவில்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மிஸ், மூணையும் நான் அளந்துட்டுத்தான் அனுப்பினேன். மோதிரம் சரி. நீங்க விரலப் பாருங்க."

விரலைப் பார்க்கச் சொல்ல இவர் யார் என்று போனை வைத்தேன். திரைக்கு முன்னால் உட்கார்ந்து நான்காவதைத் திறந்தேன். பதினெட்டு தசம் ஒன்பது என்று நானே ஒரு தாராளக் கணக்குப் போட்டேன், இனி எப்படி இறுகும் பார்க்கலாம் என்று. ஒரு எண்ணை மாற்றினால் போதும், முழு மோதிரமும் சத்தமில்லாமல் விரிந்துவிடுகிறது. அவ்வளவு சுலபமாக இல்லாமல் இருந்திருந்தால் நான் கொஞ்சம் நிதானித்திருப்பேனோ என்னவோ.

நவம்பரில் நான்காவதை எடுத்துக்கொண்டு நானே உன் லயத்துக்கு வந்தேன். வேலை நாள். நீ வாசல் இஸ்தோப்பில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாய். வேலைக்குப் போகாத உன்னை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்றாவது மோதிரம் விரலுக்குள் புதைந்து கிடந்தது. நான்காவதைப் போட்டுப் பார்க்கவே இடமில்லை.

"ஆசாரி, இங்க பாரு ஒரு வேடிக்கை" என்றாய். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி எடுத்தாய். குழி விழுந்தது. அப்படியே நின்றது.

"ஒன் கம்பியூட்டர் மா மாதிரியே இல்ல? அமுக்குனா நிக்குது."

நீ சிரித்தாய். நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெதுவாக, மிக மெதுவாக நிரம்பியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பட்டறைக்காரர் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

த்ரீவீலரில் உன்னை ஏற்றிக்கொண்டு போன வழியெல்லாம் நீதான் பேசினாய். ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக மோதிரத்தை வெட்டினார்கள். சின்ன வாள், இரண்டு நிமிஷம். டாக்டர் உன் காலையும் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார், வீக்கம் எப்போதிலிருந்து என்று. நீ என் பக்கம் கையைக் காட்டினாய். "அவகிட்ட கேளுங்க. அவதான் அளந்தா."

எனக்குத் தெரியும். எந்த வாரம் எவ்வளவு என்று மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குவரை தெரியும். உலகத்திலேயே அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். "கொஞ்ச நாளாக" என்றேன். சிறுநீரகம் என்றார்கள், ரொம்பப் பிந்திவிட்டது என்றார்கள், கண்டிக்கு அனுப்பினார்கள். ஓகஸ்ட்டிலேயே கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னர் அந்த டாக்டரிடமே கேட்டேன். அவர் நல்ல மனிதர். சொல்ல முடியாது என்றார். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எந்தப் பக்கமாக இருந்தாலும்.

உன் வீட்டுக்காரர் கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார். சவப்பெட்டிக்குள் உன் கையில் செபமாலையைச் சுற்றிவிட்டு, வெறும் விரலைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, இவ மோதிரம் ஏதோ செய்யக் குடுத்தேன்னு சொன்னாளே. ஆயிருச்சா? போட்டு அனுப்பலாமா?" வெட்டியது போக மீதி மூன்றும் என் கைப்பையில் இருந்தன. ஒன்றும் ஏறாது. "இன்னும் ஆகலண்ணே" என்றேன். தோட்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன், அவர் எனக்கு நன்றி சொன்னார்.

அதன் பிறகும் நான் இதே வேலையைத்தான் செய்கிறேன். வேறு வேலை தெரியாது. மோதிரம் இறுகுகிறது என்று கடையிலிருந்து சொன்னால் மட்டும் அந்த வாடிக்கையாளரின் நம்பரைக் கேட்டு வாங்குகிறேன். காலையில் முகம் உப்புகிறதா, செருப்பு இறுகுகிறதா என்று கேட்கிறேன். பெரும்பாலும் சிரிக்கிறார்கள், கல்யாணம் முடிந்து குண்டாகிவிட்டேன் மிஸ் என்கிறார்கள். ஒருத்தி நான் அவளை அவமானப்படுத்திவிட்டேன் என்று கடையில் புகார் செய்தாள். "மிஸ், நீங்க டிசைன மட்டும் பாருங்களேன்" என்று முதலாளி பக்குவமாகச் சொன்னார். சரி என்றேன். நிறுத்தவில்லை.

போன மாதம் டயகமவிலிருந்து ஒரு பெண் நேராக வீட்டுக்கே வந்தாள். உன் வயதிருக்கும், கொழுந்து எடுப்பவள். மகன் வாங்கிக்கொடுத்த மோதிரம், நான் வடிவமைத்தது, இறுகிவிட்டது. வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"ஆமாங்க மிஸ், கொஞ்சம் வீங்குது."

இத்தனை பேரிடம் கேட்டேனே தவிர, ஆமாம் என்று ஒருத்தி சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இன்றைக்கே போங்கள், நான் கூட வருகிறேன் என்றேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பரிதாபத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போறேங்க மிஸ். இப்ப கொழுந்து நல்லா வர்ற நேரம், வேலைக்குப் போகாம நின்னா ஏசுவாங்க. கொஞ்சம் கொறஞ்சதும் போறேன். நீங்க இத மட்டும் ஒரு சைஸ் பெரிசாக்கித் தாங்க."

முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். மோதிரத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், வேறெங்காவது கொடுத்துக்கொள்கிறேன் என்று. வேறெங்காவது கொடுத்தால் அவள் நம்பர்கூட என்னிடம் இருக்காது. வாங்கி வைத்துக்கொண்டேன். பெரிதாக்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் போன் செய்கிறேன். மூன்று ஞாயிறு ஆகிவிட்டது.

"போனீங்களா?"

"இல்லங்க மிஸ். அடுத்த கிழம கட்டாயம்."

"மோதிரம் எப்படியிருக்கு?"

"லூசாத்தான் இருக்கு மிஸ். நல்லா இருக்கு."

நாளைக்கு நாலாவது ஞாயிறு.