மதகை அடைத்தவரின் பெயர்

இன்று காலை கடைவாய்ப் பல் வலிக்கு ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலப் பத்திரிகையை விரித்தேன். நீ எதிரில் வந்து உட்கார அந்த மணம் போதும். சிகரெட்டை விட்ட பிறகு உன் சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு இருக்கும். நம் டைப்ரைட்டரில்கூட அந்த வாசனை ஏறியிருந்தது. உன்னை நினைத்தபடியே நடுப்பக்கத்துக்கு வந்தால், டெல்டாவின் கிளை வாய்க்கால்களைப் பற்றி ஒரு கட்டுரை. அவை ‘ரேக் அண்டு ரூயின்’ நிலைக்குப் போய்விட்டனவாம். அடியோடு சீரழிந்துபோனது என்று சொல்ல ஆங்கிலத்தில் உள்ள பழைய சொற்றொடர். எனக்கு ரத்தம் கொதித்தது. பல் வலி மறந்தே போயிற்று.

நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் அந்தச் சொற்றொடர் திரும்பி வந்துவிட்டது. அதுவும் வாய்க்காலைப் பற்றிப் பேச!

தஞ்சாவூரில் சைக்கிள் கடை மாடியில் நாம் இருவரும் ஒரே அறையை வைத்துக்கொண்டு செய்தி அனுப்பிய காலத்தில்தான் அந்தச் சொற்றொடரை முதலில் சந்தித்தோம். நீ ஆங்கிலப் பத்திரிகைக்கு, நான் தமிழ் நாளேட்டுக்கு. ஆட்சி மாறியிருந்தது. குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். வலங்கைமான் பக்கத்து மிராசுதார் ஒருவர் அந்த மேடைகளில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட்சி மாறிய மாதமே அவர் வேட்டிக் கரையையும் மாற்றிவிட்டதாக நீ சொல்லிச் சிரிப்பாய்.

அவருடைய நிலத்தைத்தான் கோவிந்தம்மாள் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். புருஷன் இறந்த பிறகும் அவர் நிலத்தை விடவில்லை. சட்டப்படி அவரை வெளியேற்ற மிராசுதாருக்கு இருந்த வழிகளில் ஒன்று, சாகுபடியைக் கவனிக்காமல் நிலத்தைப் பாழாக்கினார் என்று நிரூபிப்பது. அதற்கு முதலில் நிலம் பாழாக வேண்டுமே.

ஆவணியில் நாம் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தது உனக்கு மறந்திருக்காது. குறுவை கதிர் வாங்கும் நேரம். மேலே ஆற்றில் தண்ணீர் ஓடியது. கோவிந்தம்மாளின் வயல் மட்டும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கதிர்கள் பால் பிடிக்காமல், மணியில்லாமல், வெள்ளை வெளேரென்று நின்றன. வாய்க்காலின் தலைப்பில் மதகுப் பலகையை இறக்கி, சுற்றிலும் களிமண் அப்பியிருந்தார்கள். பக்கத்தில் கம்போடு இரண்டு பேர்.

“யாரு அடைக்கச் சொன்னது?” என்று கேட்டாய்.

“ஏன், தெரியாமத்தான் கேக்கறீங்களா? மிராசுதார் சொன்னாரு. எழுதிக்கங்க,” என்றான் ஒருவன். அவனுக்கு மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நீ எழுதினாய். மதகை அடைத்தவர் யார், காவலுக்கு நின்றவர்கள் யாருடைய ஆட்கள், காய்ந்தது யாருடைய பயிர், எல்லாம் ஒரே வாக்கியத்தில். அன்றிரவே தந்தி போயிற்று. அச்சில் வந்தபோது அந்த வாக்கியத்தைக் காணோம். குத்தகைத் தகராறு ஒன்றில் வலங்கைமான் பக்கத்து நிலம் ‘ரேக் அண்டு ரூயின்’ ஆகிவிட்டது என்று இருந்தது. அவ்வளவுதான். கீழே உன் பெயர்.

சென்னைக்கு டிரங்க் கால் போட்டுச் சண்டை பிடித்துவிட்டு வந்தாய். செய்தி மேசையில் இருந்தவர் சொன்னதை அவர் குரலிலேயே எனக்கு நடித்துக் காட்டினாய்: “பேரைப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்பா. ‘ரேக் அண்டு ரூயின்’ மாதிரி ஒரு இடியத்துக்கு எவன் நோட்டீஸ் அனுப்புவான்?”

அந்த ஆத்திரத்தில்தான் நீ நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்ட ஆரம்பித்தாய். திரும்பி வந்து மாடிப்படியிலிருந்தே கத்தினாய். “யோவ், இதைக் கேளு. அந்த ‘ரேக்’ இருக்கே, அதோட பழைய வேரு என்ன தெரியுமா? பழிவாங்குறது. விரட்டியடிக்கிறது. ஒருத்தன் இன்னொருத்தனுக்குச் செய்யுறதுய்யா!” அந்தச் சொல் பிறகு நாசம் என்று பொதுவாக ஆனது. கப்பல் உடைந்து கரை ஒதுங்குவதைச் சொல்லும் சொல்லோடு கலந்தது. அடித்தவன் மறைந்து, உடைந்த பலகை மட்டும் மிஞ்சியது. ‘ரூயின்’ லத்தீனிலிருந்து வந்தது. அதன் வேருக்கு இடிந்து விழுவது என்றே பொருள். முதல் சொல்லில் இருந்த, அடித்தவன் கையையும் துடைத்துவிட்டு, தானாக விழுந்ததாகச் சொல்லும் இரண்டாவது சொல்லோடு கட்டிப்போட்டார்கள் என்பாய்.

பிறகு அதுவே உனக்கு வேலையாகிவிட்டது. சீரழிந்தவனை ‘நாய்களிடம் போய்விட்டான்’ என்பார்கள் ஆங்கிலத்தில். மனிதர் தின்னத் தகாததை நாய்க்கு வீசியதிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். வீசியவன் எங்கே? கெட்டுப்போனதை ‘பானைக்குப் போயிற்று’ என்பார்கள். துண்டு துண்டாக வெட்டிப் பானையில் போட்ட இறைச்சி அது. வெட்டியவன் எங்கே? அகராதிக்காரர்கள் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை என்பதையும் நீயே சொல்லிவிடுவாய். ஆனால் எல்லாவற்றிலும் ‘போயிற்று’ மட்டும் நிற்கிறது, போக வைத்தவன் நிற்பதில்லை என்பதில் உனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கோவிந்தம்மாளை வெளியேற்ற மிராசுதார் போட்ட வழக்கு ரெவின்யூ கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. மிராசுதாரின் வக்கீல் உன் பத்திரிகையை எடுத்து நீட்டினார். “ஐயா, மதகு அடைச்சதா இதுல ஒரு வார்த்தை இல்லை. நிலம் பாழாப் போச்சுன்னுதான் இருக்கு. நேர்ல போய்ப் பார்த்த நிருபரே எழுதினது.”

கோவிந்தம்மாள் திரும்பி உன்னைப் பார்த்தார். “நீங்கதானே வந்து பாத்தீங்க? தானாப் பாழாப் போச்சுன்னா எழுதினீங்க?”

நீ எழுந்துவிட்டாய். அந்த வரி நீ எழுதியதில்லை என்றாய். மதகில் களிமண் இருந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாய். அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று அப்போது நான் நினைத்தேன். நீ நிறுத்தவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லுக்கே விரட்டுவது என்றுதான் பழைய பொருள், நடந்ததும் அதுதான் என்றாய்.

விசாரித்த அதிகாரி சிரித்தார். “இது கோர்ட்டா, இங்கிலீஷ் கிளாஸா? நீங்க இப்ப சொல்றது உங்க பேப்பர்ல இல்லையே. எதை நம்பறது?”

தீர்ப்பு மிராசுதார் பக்கம் போயிற்று. பார், நானும் ‘போயிற்று’ என்கிறேன். அந்த அதிகாரி மிராசுதாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அடுத்த நடவில் கோவிந்தம்மாள் அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டார். அன்று மதகு திறந்திருந்தது. வரப்பு தளும்பத் தண்ணீர். நம்மைப் பார்த்ததும் நிமிர்ந்து, “வாங்க சார், இப்பப் பாருங்க, எப்படி ஜோரா இருக்கு! இதையும் பேப்பர்ல போடுங்க,” என்று சத்தமாகச் சொன்னார். வரிசையில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோடு வரை நடந்தாய்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உன்னை ஆற்றுவதாக நினைத்து, “வெள்ளைக்காரன் பாஷை அப்படி,” என்றேன். என் மேல் பாய்ந்தாய். “உன் பேப்பர் மட்டும் யோக்கியமா? ‘குடிசைகள் சாம்பலாயின’ன்னு போன வாரம் போட்டீங்களே. தானாவா ஆச்சு? தீ வச்சவன் என்ன, ஊர்லயே இல்லையா?”

அதன் பிறகு நீ அனுப்பிய ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவனை நடுவில் வைத்துக் கட்டினாய், வெட்டினால் வாக்கியமே உடைகிற மாதிரி. வெட்ட முடியாத செய்திகளை அவர்கள் முழுதாகக் குப்பையில் போட்டார்கள். கடைசியில் உன்னையே வேண்டாம் என்றார்கள்.

இன்று காலை அந்தக் கட்டுரையைப் படித்ததும் பத்திரிகைக்குப் போன் செய்தேன். எழுதியவரே எடுத்தார். இளம் குரல், மரியாதையான பிள்ளை.

“சார், அது சும்மா ஒரு எக்ஸ்பிரஷன் சார்.”

“வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டவன் பேரு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா தம்பி?”

“தெரியும் சார். ஆனா…”

அந்த ‘ஆனா’வை நான் ஒரு ஆயுள் முழுக்கக் கேட்டுவிட்டேன். சட்டம் மாறியது, கட்சிகள் மாறி மாறி வந்தன, தந்தி ஆபீஸையே மூடிவிட்டார்கள். அந்த ஒரு சொல் மட்டும் மேசைக்கு மேசை பத்திரமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. வாய்க்கால் இறந்தது என்று எழுதினால் அனுதாபம் வரும். கொன்றவன் பெயரை எழுதினால் போன் வரும். அனுதாபமே போதும் என்று நினைப்பவர்களை என்ன செய்வது, சொல்.

மிராசுதார் மாலை மரியாதையோடு போய்ச் சேர்ந்தார். கோவிந்தம்மாளும் இல்லை. நீயும் இல்லை. அன்று நீ அடித்த தந்தியின் நகல் யாரிடமும் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அனுப்புவதற்கு முன் என்னிடம் படித்துக் காட்டினாய். அன்றிலிருந்து அதை நான் சுமந்துகொண்டிருக்கிறேன். எந்தச் செய்தியை எழுத உட்கார்ந்தாலும் முதலில் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வேன். இந்த மடலை அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போடுவேன்: கடைசி வாக்கியத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. தமிழில் தருகிறேன், பொறுத்துக்கொள்.

மிராசுதார் தியாகசுந்தரம் வாய்க்கால் மதகை அடைத்து, கம்போடு இரண்டு ஆட்களைக் காவல் வைத்து, குத்தகைதாரர் கோவிந்தம்மாளின் குறுவைப் பயிரைக் காயவைத்துக் கொன்றார்.