செல்வம் பெரிய டீமுக்குப் போகிறான்

14-3-1986, வெள்ளி

ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப் மணலில் இன்று ஹாக்கி மேட்ச். கம்பெனியின் பெரிய டீமுக்கு ஆள் எடுக்க கான் பாய் வந்திருந்தார். எங்கள் ஃபுல்பேக் செல்வத்தைப் பற்றிக் கேட்டார். அவன் நின்றால் கோல்கீப்பர் என் பக்கம் பந்தே வராது. எடுத்துவிட்டால் ஷார்ஜா கேம்ப்புக்குப் போய்விடுவான். "பையன் பேக்கார் பாய், ஒண்ணுக்கும் உதவமாட்டான், சோறுதான் நல்லா அடிப்பான்" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னேனா, விட மனசில்லாமலா, தெரியவில்லை. செல்வம் முகம் வாடிவிட்டது.

"ஏண்ணே இப்பிடிச் சொன்னீங்க?"

கான் பாயோ சிரித்தார். நான் கிண்டல் பண்ணாத நல்ல ஆட்டக்காரன் இந்தக் கேம்ப்பிலேயே கிடையாதாம். உடனே பேரை எழுதிக்கொண்டார். செல்வம் என்னைத் தூக்கிச் சுற்றினான்.

"இனி உங்க கோலை யாருண்ணே காப்பா?"

"போடா, உன்னாலதான் இத்தனை நாள் நான் சும்மா நின்னேன்."

அடுத்த வெள்ளி மேட்ச்சில் எத்தனை கோல் வாங்கப்போகிறேனோ.