பொட்டு வைத்த ஒஸ்டின்

பதுளை
12.8.1952

அன்பான அத்தானுக்கு,

இங்கே நாங்கள் சுகம். ஹல்துமுல்லைக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் நம் ஒஸ்டின் காரை ஜௌபரின் கராஜுக்கு அனுப்பினேன். நீங்கள் வரும்போது புதுசுபோல் நிற்கட்டும் என்றுதான். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டியிருந்த பழைய ரெக்சினை உரித்த ஜௌபர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடியில் சந்தனக் கறை, நடுவில் குங்குமம்.

"துரைமார் காருக்குப் பொட்டு வைக்க மாட்டாங்களேம்மா," என்றார்.

சீமைக்குப் போன ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் துரையிடம் போன வருஷம் வாங்கியதாக அல்லவா சொன்னீர்கள்?

அரசாங்கக் கச்சேரியில் ஆள் விட்டுக் காரின் பழைய பதிவைப் பார்த்தேன். 1936இல் முதல் சொந்தக்காரர் நீங்கள். அப்போது உங்களுக்கு இருபத்திரண்டு வயது, புதுக் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் அந்த வயதுக் கிளாக்கருக்குப் புதுக் கார் எந்த வழியால் வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்பத்தொன்றில் நம் கலியாணத்துக்கு என் ஐயா சீதனமாகத் தந்தது ஒரு வீடும் சைக்கிளும்தான்.

இத்தனை வருஷமும் அந்தக் கார் யார் வீட்டு வாசலில் நின்றது?

கம்பளிச் சட்டையை மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு எத்தனையாவது மனைவி என்று அறியக் காத்திருப்பவள்