மெழுகுதிரி வைக்காத படம்

2017 ஏப்ரல் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தம்பி பிரின்ஸ்டனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சீலைகளுக்கு அடியில் ஒளித்தேன். கணவர் வின்சன்ற் குளித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தேத்தண்ணீருக்குக் கேத்தலை வைத்தேன்.

ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் பாரிஸ் கிளைக்கு இந்த ஆண்டு இருபத்தைந்து வயது. யூலைப் போட்டிக்கு சிறப்பு மலர் போடுகிறார்கள். என் கணவர் செயலாளர். அதனால் தட்டச்சும் பிழைதிருத்தமும் என் தலையில். நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார்:

“பிரின்ஸ்டனை அஞ்சலிப் பக்கத்திலை போடுவம் எண்டு கொமிற்றி சொல்லுது. சிலுவை, மெழுகுதிரியோடை. கோல்கீப்பர் உடுப்போடை நிக்கிற படம் உன்னட்டைத்தானே இருக்கு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

2009 மே. முள்ளிவாய்க்கால். பதுங்குகுழிக்குள் மனைவியை இருத்திவிட்டுத் தம்பி தண்ணீர்க்கானுடன் போனான். அவ்வளவுதான் தெரியும். உடலும் இல்லை, சேதியும் இல்லை. அவனுக்கு மெழுகுதிரி கொளுத்தும் உரிமையைக் கொமிற்றிக்கு யார் கொடுத்தது?

ஏப்ரல் 6

படம் எங்கே என்று கேட்டார். சட்டம் உடைந்துவிட்டது, திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்றேன். நம்பவில்லை. நம்பியவர் போல வேலைக்குப் போனார்.

ஏப்ரல் 9, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து நிரஞ்சலாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றோம். தம்பியின் மனைவி. ஐந்து வருடமாக பாரிஸ் புறநகர் எபினேயில் ஓர் அறையில் தனியே இருக்கிறாள். ஓலையை மடித்துச் சிலுவை செய்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“மச்சாள், யேசுரட்ணம் அண்ணை கேக்கிறார்.”

என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் தம்பியின் கோலுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரராக நின்றவர். மனைவி புற்றுநோயில் போய்விட்டா. கூசேன்வில்லில் இருக்கிறார், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. நல்ல மனிதர். அதுதான் எரிச்சல். குடிகாரராக இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்!

“கோயில்லை கலியாணம் எழுதிறதெண்டா, இவர் உயிரோடை இல்லையெண்டு கூடப்பிறந்த ஆரும் வந்து சொல்லவேணுமாம். பாதர் சொன்னவர். உங்களைக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. மலரிலை அஞ்சலி எண்டு வந்தா, சனமாவது வாயைப் பொத்தும்.”

“பஸ் வருது” என்றேன்.

பஸ் வரவில்லை.

ஏப்ரல் 12

மலரில் இரண்டு பக்கம் காலியாம். “செல்ரிக் கழகத்தின்ரை பழைய வீரர்களைப் பற்றி எழுதன். படிச்சனீதானே” என்றார் வின்சன்ற். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர உதைபந்தாட்டக் கழகம். ஏழைகளுக்குச் சாப்பாடு போட ஒரு துறவறச் சகோதரர் தொடங்கியது என்பதால் எங்கள் ஊர்க்காரருக்கு அதில் தாங்களாகவே எடுத்துக்கொண்ட ஒரு சொந்தம். ஐரோப்பியக் கிண்ணத்தை அது வென்று அடுத்த மாதத்தோடு ஐம்பது வருடம். அந்தப் பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். “எங்கடை பெடியள் மாதிரி. ஒரே கோயில் மணி கேட்டு எழும்பினவங்கள்.” ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்கிறார்.

லூயி-பிளாங் தெருவில் எங்கள் பயண முகவர் நிலையத்தில் ஆள் வராத நேரம் வாசித்தேன். 1936இல் கல்கத்தாவிலிருந்து போன முகமது சலீம், காலில் துணி சுற்றிக்கொண்டு, சப்பாத்தில்லாமல் ஆடியிருக்கிறார். அங்கேயே தங்கச் சொல்லிக் கேட்டும் தங்கவில்லை. வீட்டு நினைவு. திரும்பிவிட்டார்.

‘திரும்பிவிட்டார்’ — இந்தச் சொல்லை அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன்.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளி

ஜோன் தொம்சன். செல்ரிக்கின் கோல்காப்பாளர். 1931இல் ஓர் ஆட்டத்தில் எதிராளியின் காலடியில் பந்துக்குப் பாய்ந்தார். முழங்கால் தலையில் பட்டது. அன்றே போய்விட்டார். வயது இருபத்திரண்டு. அவரை அடக்கம் செய்த ஊருக்குக் கிளாஸ்கோவிலிருந்து நடந்தே போனவர்களும் உண்டாம். இன்றும் போகிறார்கள், பூ வைக்கிறார்கள்.

தம்பியும் அப்படித்தான் பாய்வான். கண்ணைத் திறந்துகொண்டு. கரையில் நின்று நான்தான் கண்ணை மூடுவேன்.

எனக்குப் பொறாமை வந்தது. செத்துப்போன ஒரு பெடியன்மேல் பொறாமை! அவன் வீட்டாருக்குப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது — ஒவ்வொரு பாஸ்காப் பெருநாளுக்கும் ‘சுகமாய்த் திரும்பிவர’ என்று ஒப்புக்கொடுக்கிற ஒரு பூசை.

இந்த முறை கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை?

ஏப்ரல் 23, ஞாயிறு

ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதுமாக நாள் போயிற்று.

ஏப்ரல் 29, சனி

மலரின் மாதிரிப் பக்கங்கள் வந்தன. நான் படத்தைக் கொடுக்காததால் வின்சன்ற் பழைய அணிப் படத்தைக் கொடுத்திருக்கிறார். அதில் தம்பியும் யேசுரட்ணமும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். வடிவமைக்கும் சிவமணி இரண்டு முகத்தையும் வெட்டி, மாற்றி ஒட்டிவிட்டான். அஞ்சலிப் பக்கத்தில் மெழுகுதிரிக்கும் சிலுவைக்கும் நடுவே யேசுரட்ணம் சிரிக்கிறார். ‘எங்கள் முன்னாள் வீரர்கள்’ பக்கத்தில் என் தம்பி. கீழே: ‘தற்போது கூசேன்வில்லில் வசிக்கிறார்.’

கதிரையில் இருந்துவிட்டேன்.

தற்போது வசிக்கிறார். டி தடப் புறநகர் ரயில் ஏறினால் போகலாம். கதவைத் தட்டலாம். ‘ஏன்ரா ஒரு போன் எடுக்கேல்லை’ என்று கன்னத்தில் அறையலாம்.

திருத்த மனம் வரவில்லை. கடவுளே, மற்ற மனுசனுக்கு மெழுகுதிரி எரியுதே எண்டும் யோசிக்கேல்லை நான்!

சிவமணி போனில் அழாக்குறை. “ஐயோ அக்கா, செத்தவீட்டு நோட்டீசும் சாமத்தியச் சடங்குக் கார்டும் மலரும் எல்லாம் ஒரே கொம்பியூட்டரிலைதானே அக்கா செய்யிறன்.”

யேசுரட்ணத்துக்கும் பக்கங்கள் போயிருக்கின்றன. வின்சன்றின் போனில் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது: “டேய், என்னை அனுப்பிப்போட்டியளே! நாளைக்கு எனக்கு வேலையடா. செத்தவனுக்கு லீவு தருவாங்களோ எண்டு மேலாளரிட்டைக் கேக்கட்டே?”

வின்சன்ற் சிரித்தார். பிறகு யேசுரட்ணத்தின் குரல் தணிந்து வந்தது.

“ஆனா வின்சன்ற்… அவன்ரை முகத்துக்குக் கீழை என்ரை இடத்தைக் கண்டோடனை, மாத்தாமல் விடுங்கோ எண்டு சொல்லத்தான் மனம் வந்தது. அவன் வந்தா நான் விலகிடுவன், நிராவுக்கும் சொல்லியிருக்கிறன்.”

வின்சன்ற் என்னைப் பார்த்தார். நான் குசினிக்குள் போய் எரியாத அடுப்பைத் துடைத்தேன்.

யேசுரட்ணமும் தம்பியை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாரா? அப்படியென்றால் நிரா இரண்டு வீட்டிலும் அவனுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

மே 3, புதன்

சீலைகளுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்துக்கொண்டுபோய்ச் சிவமணியிடம் கொடுத்தேன். பயந்துபோய்க் கேட்டான்:

“அக்கா, திரி வைக்கிறதோ, வைக்காமல் விடுறதோ?”

“வைக்காமல் விடு. முன்னாள் வீரர்கள் பக்கத்திலை போடு. யேசுரட்ணம் அண்ணைக்குப் பக்கத்திலை.”

“கீழை என்ன போட?”

“பெயர். கோல்காப்பாளர். விளையாடின வருசங்கள்.”

“இப்ப எங்கை எண்டு…?”

“அது வேண்டாம்.”

செல்ரிக் கட்டுரையையும் கொடுத்தேன். இறந்தவர், இருப்பவர், திரும்பிப் போனவர் என்று யாரையும் பிரிக்கவில்லை. எல்லாரும் ஒரு காலத்தில் அந்தச் சட்டையைப் போட்டு ஆடியவர்கள். மலருக்கு அது போதும்.

நிராவுக்குப் போதாது.

நாளை வேலைக்குப் போகும் முன் பாதரைப் பார்க்கப் போகிறேன். கூடப்பிறந்தவள் நான்தான். வின்சன்றுக்குச் சொல்லவில்லை. நிராவுக்கும் இல்லை. சொன்னால் அவள் அழுவாள், நான் ‘பஸ் வருது’ என்று மறுபடி ஓடிவிடுவேன்.

வீட்டில் யாருமில்லாத நேரம், தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் தம்பி இனி வரமாட்டான்.

சொல்ல முடிகிறது.